கினிகளுக்கு விரித்த போர்வை

மாமனார் மவுத்தான பிறகு ஈரத் துணியோடு எனக்கிருந்த சகவாசம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கடைசிக் காலம் முழுக்க அவர் படுக்கையிலேயே இருந்தார். என் கணவர் குவைத்தில். மூத்த மகள் கல்யாணமாகி ஷார்ஜாவுக்குப் போய்விட்டாள். நாகூரில் அந்த நீளமான வீட்டில் நான், சின்ன மகள், மாமனார், அவ்வளவுதான். கட்டிலில் ரப்பர் ஷீட்டை விரித்து, அதன்மேல் பழைய கைலிகளை மடித்துப் பரப்பி, அதற்கும் மேலே மெல்லிய வெள்ளைத் துணியை இழுத்துச் செருகுவேன். நனைந்ததும் அவரை ஒரு பக்கம் புரட்டிப் பழையதை உருவி, புதியதைத் தள்ளி, மறுபக்கம் புரட்டுவேன். முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. வரவில்லை. மவுத்தானதும் அவரைக் குளிப்பாட்டிய ஆட்கள் வெளியே வந்து, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று சொன்னார்கள். அதைக் கேட்டுப் பெருமைப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. ரப்பர் ஷீட்டைக் கழுவிக் காயவைத்து, சுருட்டிப் பரணில் போட்டேன். இனி இதை எடுக்க வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டே போட்டேன்.

அடுத்த கோடை விடுமுறையில் கினிப்பன்றிகள் வந்தன.

என் நாத்தனார் குடும்பம் சென்னையில் இருந்தது. அவள் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து எல்லோரும் கிளம்புகிறார்கள். போவதற்கு முன் தர்காவுக்கு வந்தவர்கள், காரின் பின்சீட்டில் ஒரு கம்பிக் கூண்டையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். உள்ளே முயலுக்கும் எலிக்கும் நடுவாக, வாலே இல்லாமல், உருண்டையாக இரண்டு பிராணிகள். ஒன்று கறுப்பு. மற்றது பழுப்பும் வெள்ளையும் கலந்தது. இரண்டும் பெண். நாத்தனார் மகன் ஆசைப்பட்டு வாங்கியதாம். சிங்கப்பூருக்குக் கொண்டுபோக முடியாதாம். கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும், அங்கே போய் ஒரு வழி பண்ணுகிறோம் என்றாள். அந்த வழியை அவர்கள் கடைசிவரை பண்ணவில்லை. பண்ண மாட்டார்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் என் மகள் கூண்டுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, கம்பி வழியாக விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் எதிலும் அப்படி ஒன்றி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சரியென்று சொல்லிவிட்டேன்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் போய், பன்றி என்று முடிகிற பெயரில் ஒரு பிராணி வளர்க்கிறேன் என்று சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டு லாத்தா, என்னைவிட மூத்தவர், கூண்டை எட்டிப் பார்த்துவிட்டுப் பெருச்சாளியை எதற்குக் காசு கொடுத்து வாங்கினாய் என்று கேட்டார். பெருச்சாளி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குவைத்துக்குப் போனில் விஷயத்தைச் சொன்னபோது என் கணவர் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறுநாள் அங்கே ஒரு ஹஜ்ரத்திடம் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டார். அது எலி வகைதானாம், பெயர்தான் அப்படியாம், வளர்ப்பதில் தப்பில்லையாம். ஆனால் அதன் மூத்திரம் பட்ட துணியோடு தொழக் கூடாது, தொழுகிற இடத்திலும் படக் கூடாது, கவனமாக இருந்துகொள் என்றார். மகள் அன்றிலிருந்து இரண்டையும் கினி என்று மட்டும் கூப்பிட்டாள். கறுப்புக் கினி, பழுப்புக் கினி.

கவனமாக இருந்துகொள் என்று குவைத்திலிருந்து சொல்வது சுலபம். கூண்டைக் கொல்லையில் வைத்தால் பூனை வரும். மாடியில் வைத்தால் வெயில். கடைசியில் அடுப்படிக்குப் போகிற வழியில், நான் தொழுகிற அறைக்குப் பக்கத்துச் சுவரோரம் வைத்தோம். அந்த இரண்டும் ஓயாமல் தின்னும், ஓயாமல் மூத்திரம் பெய்யும். அது காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்துவிடும். ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் நான் புடவையைப் பார்ப்பேன், கையை முகர்ந்து பார்ப்பேன், சந்தேகம் வந்தால் மாற்றிக்கொள்வேன். ஒரு நாளைக்கு எத்தனை புடவைதான் மாற்றுவது? அதனால்தான் கூண்டுக்குள் என்ன விரிப்பது என்கிற விஷயம் என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய விஷயமானது. பாசத்தில் ஆரம்பித்த காரியமில்லை.

முதலில் பழைய நியூஸ் பேப்பர். ஒரு மணி நேரத்தில் நனைந்து கூழாகிவிடும். பழுப்புக் கினியின் வெள்ளை வயிற்றில் அச்சு மை ஏறிச் சாம்பல் நிறமானது. பிறகு வைக்கோல். ரயில்வே கேட்டைத் தாண்டினால் வயல்தான், சம்பா அறுப்பு முடிந்து போர் போராய்க் கிடக்கும். பால்கார அம்மா ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார். மாட்டுக்குச் சரி. இதுகளுக்கு வைக்கோல் முனை கண்ணில் குத்தி, கறுப்புக் கினி ஒரு கண்ணை மூடிக்கொண்டே இரண்டு நாள் சுருண்டு கிடந்தது. அடுத்து ரைஸ்மில்லில் இருந்து உமி. உமி ஈரத்தைக் குடிக்கவே குடிக்காது என்பது விரித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அது மயிருக்குள் போய் ஒட்டிக்கொண்டது, வீடெல்லாம் பறந்தது, சோற்றில்கூடக் கிடந்தது. மரத்தூள் வாங்கிப் போட்டோம். இரண்டும் தும்மின. கூடவே எனக்கும் தும்மல். வீட்டில் குளித்துத் துவட்டுகிற தேங்காய்ப்பூத் துண்டுகளை விரித்தேன். ஈரத்தை நன்றாகக் குடித்தது. ஆனால் குடித்த ஈரம் மேலேயே நின்றது. கையை வைத்தால் சில்லென்றிருக்கும். அதன் சுருள் நூலில் நகம் மாட்டி, கறுப்புக் கினி காலை உதறி உதறிக் கத்தியது.

இத்தனையும் அந்த ஒரு கோடைக்குள். ஒவ்வொன்றையும் வாரி, கொட்டி, கழுவி, அடுத்ததை விரித்தது நான். மகள் பள்ளிக்கூடம் திறந்ததும் போய்விட்டாள். அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு, கூடவே டியூஷன்.

ஃப்ளீஸ் என்கிற பெயரை அவள்தான் போனில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். வெளிநாட்டில் கினி வளர்க்கிறவர்கள் அதைத்தான் விரிக்கிறார்களாம். கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கும், ஆனால் கம்பளி இல்லை. ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே இறக்கிவிடும். அதற்கடியில் குடிக்கிற துணியாகப் போட்டுவிட்டால் மேல்துணி எப்போதும் உலர்ந்தே இருக்கும். அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாமனாருக்கு நான் விரித்ததும் ஏறக்குறைய இதேதான். சொல்லவில்லை. பரணிலிருந்து ரப்பர் ஷீட்டை இறக்கினேன்.

நாகப்பட்டினத்தில் துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கினோம். ஃப்ளீஸ் என்றால் ஒருவர் வெல்வெட்டை எடுத்துப் போட்டார், இன்னொருவர் குழந்தைக் குல்லாவைக் காட்டினார். திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் மகள் சொன்னாள், நம் வீட்டுப் பரணில்தான் போர்வைகள் இருக்கின்றனவே என்று.

இருந்தன. கல்ஃபில் ஆள் இருக்கிற வீடுகளில் அது இல்லாமல் இருக்காது. ஒவ்வொரு லீவுக்கும் என் கணவர் ஒரு போர்வை கொண்டுவருவார். ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைக்குள் தலையணை கனத்துக்கு இருக்கும், புலியோ மயிலோ பெரிய ரோஜாவோ போட்டிருக்கும். நாகூர்ப் புழுக்கத்தில் அதை யார் போர்த்துவார்கள்? விருந்தாளிக்குக் காட்டுவோம், கல்யாணத்துக்குக் கொடுப்போம், மிச்சம் அந்துருண்டையோடு பரணில் கிடக்கும். அவற்றில் ஒரு புலிப் போர்வையை இறக்கி, கத்தரியை வைத்துக்கொண்டு நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வெயிலில் நின்று சம்பாதித்தது. பிறகு வெட்டினேன். புலியின் முகம் பாதி இந்தத் துண்டில், பாதி அந்தத் துண்டில்.

மகள் அதன்மேல் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் இறங்கவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது. புதுத்துணியில் கம்பெனி பூசிய பசை இருக்குமாம், நாலைந்து தடவை துவைத்தால்தான் போகுமாம். எங்கள் வீட்டு உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பு துணியிலேயே தங்கிவிடும். அதுவும் அடைத்துக்கொண்டது. நனைந்த அந்தப் போர்வைத் துண்டை முறுக்குவது ஒரு ஆட்டைத் தூக்குவது போல இருந்தது. துவைத்தேன், உலர்த்தினேன், மகள் கரண்டியில் தண்ணீர் ஊற்றினாள், நின்றது. மறுபடியும் துவைத்தேன். எத்தனையாவது தடவையோ தெரியாது, மாடிப்படியில் ஈரத் துணியோடு உட்கார்ந்து அழுதுவிட்டேன். புலியை நினைத்து அழுதேனா, இடுப்பு வலிக்கு அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த சமயத்தில்தான் என் கணவர் வந்து சேர்ந்தார். லீவில் இல்லை. கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் விசாவை முடித்து எக்ஸிட் அடித்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் கல்யாணம் ஆன அடுத்த வருஷம் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போனவர். இப்போது பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, எந்த அறையில் வைப்பது என்று என்னைக் கேட்டார்.

முதல் சில வாரங்கள் தூங்கினார். சாப்பிடுவார், பள்ளிவாசலுக்குப் போவார், வந்து படுப்பார். வேலைக்குப் போகாத ஆளுக்கு இவ்வளவு அசதி எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு நினைத்துக்கொண்டேன், அது இன்றைய அசதி இல்லை. படுக்கும்போது ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ஒரு போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொள்வார். புலி, மயில் போட்ட போர்வை இல்லை. மெல்லியது, காப்பிப்பொடி நிறம், துவைத்துத் துவைத்துப் பஞ்சு திரண்டுபோனது. அவர் தனக்கென்று அங்கிருந்து கொண்டுவந்தது அது ஒன்றுதான். வேர்த்து ஊற்றினாலும் அது இல்லாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மகளுக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது. சண்டை எதுவும் இல்லை, பழக்கமில்லை. வாப்பாவுக்குச் சாப்பாடு வேணுமான்னு கேளுங்க உம்மா என்பாள், அவர் அடுத்த அறையில் இருக்கும்போதே. புள்ளைக்கு ஃபீஸ் கட்டியாச்சான்னு கேளு என்பார், அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே. நடுவில் நான் போன் டவர் மாதிரி நின்றேன். போனில் அவரிடம் ஒரு நிமிஷம் பேசி என்னிடம் கொடுத்துவிடுவது அவளுக்குப் பழகியிருந்தது. நேரில் யாரிடம் கொடுப்பாள்?

பள்ளிக்கூடம் லீவான ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போயிருந்தபோது, நான் அந்தக் காப்பி நிறப் போர்வையை அலசி மாடிக் கொடியில் போட்டிருந்தேன். காய்ந்ததும் எடுக்கப் போன மகள் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள். போர்வையின் ஒரு மூலையைத் துண்டின்மேல் விரித்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றியிருந்தாள். தண்ணீர் விழுந்த இடமே தெரியவில்லை. மேலே கையை வைத்தேன். உலர்ந்திருந்தது. கீழே துண்டு நனைந்திருந்தது. ஃப்ளீஸ். இத்தனை நாள் நாங்கள் தேடி அலைந்தது அவர் தலைமேல் கிடந்திருக்கிறது. எத்தனையோ வருஷம் மெஷினில் போட்டுப் போட்டு அதன் பசையெல்லாம் போய், என்ன ஊற்றினாலும் இறக்கிவிடுகிற பக்குவத்துக்கு வந்திருந்தது.

அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அவரிடம் நேராகப் போய் நின்று ஒன்றைக் கேட்டாள். அவர் போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது மட்டும் வேணாம்மா. வேற என்ன வேணும்னாலும் சொல்லு, வாங்கித் தர்றேன்."

அவள் சரியென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு என் வழியாகக்கூடப் பேச்சு குறைந்துபோனது. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. ஒரு பழைய துணிக்காக ஒருவர் பிடிவாதம், கேட்டது கிடைக்காததற்காக ஒருத்தி மௌனம். நடுவில் கூண்டைக் கழுவுவதும் புடவை மாற்றுவதும் நான். தேங்காய்ப்பூத் துண்டுக்கு மேல் பழைய பாலியஸ்டர் துப்பட்டாக்களைப் போட்டு ஒப்பேற்றினேன்.

அந்த ஒப்பேற்றல் தாங்கவில்லை. பழுப்புக் கினி ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்க ஆரம்பித்தது. கவிழ்த்துப் பார்த்தால் பாதத்தின் அடியில் சிவந்து வீங்கி, நடுவில் ஒரு பொருக்கு. மாமனாருக்கு வராமல் காத்தது இதற்கு வந்துவிட்டது. இங்கே இருக்கிற மாட்டு டாக்டர், இது எனக்குப் பழக்கமில்லாத ஜீவன், தஞ்சாவூரில் நாய் பூனைக்குப் பார்க்கிற ஒரு அம்மா இருக்கிறார், அங்கே கொண்டுபோங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மூன்று பேரும் கிளம்பினோம். மூன்று பேருமாகச் சேர்ந்து தஞ்சாவூர் போவது அதுதான் முதல்முறை. அதுவும் ஒரு பெருச்சாளிக்காக. பழக்கூடையில் துண்டு விரித்து உள்ளே வைத்து, கூடையை மகள் மடியில் வைத்திருந்தாள். திருவாரூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே நடவு நடந்துகொண்டிருந்தது. எதிர் சீட்டில் இருந்தவர் கூடைக்குள் என்னவென்று கேட்டார். முயல் மாதிரிங்க என்று என் கணவர் சொன்னார்.

டாக்டர் அம்மாவுக்குச் சின்ன வயது. காலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். ஈரமான விரிப்பிலேயே நிற்பதால் வந்தது, கம்பித் தரையிலும் முன்பு நின்றிருக்கும் என்றார். மருந்து கொடுத்தார். உப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை நனைத்துத் துடைக்கச் சொன்னார். அதையெல்லாம்விட முக்கியம், மெத்தென்று இருக்க வேண்டும், உலர்ந்து இருக்க வேண்டும், புறங்கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது என்றார். நான் என் கணவரைப் பார்க்கவில்லை. மகளும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பார்க்காமல் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

திரும்புகிற ரயிலில் கூட்டமில்லை. நீடாமங்கலத்தில் வண்டி கிராசிங்குக்காக வெகு நேரம் நின்றது. கூடையில் கினி தூங்கிவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் அந்தப் போர்வையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒரே அறையில் கட்டிலுக்கு மேல் கட்டிலாக ஆட்கள். ஒருவர் ஷிப்ட் முடிந்து வரும்போது ஒருவர் கிளம்புவார், எந்நேரமும் லைட் எரியும், யாராவது யாரோடாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். முதல் குளிர்காலத்தில், ஊருக்குப் போய்விட்ட ஒரு கேரளாக்காரர் விட்டுவிட்டுப் போன போர்வை அது.

"அத தலையோட இழுத்து மூடிக்கிட்டா அந்த ரூம்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கும். எனக்குன்னு அங்க இருந்த எடம் அது ஒண்ணுதான். ஒங்களுக்குப் போன் பண்றதும் அதுக்குள்ளேருந்துதான்."

மகள் கூடையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அதனாலதான் ஒங்க குரல் எப்பவும் கெணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி கேக்குமா வாப்பா?"

"அப்படியா கேட்டுச்சு?"

"ஆமா. ஒங்க குரலே அப்படித்தான்னு நெனச்சிருந்தேன்."

அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து எதிர் வண்டி போனது, எங்கள் வண்டி நகர்ந்தது. எனக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. திருவாரூரிலிருந்து நாகூர்வரை நான் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை நான் ஆப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, என் தையல் மிஷின் டிராயரைத் திறந்து எதையோ தேடினார். கத்தரி எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கூடத்தில் அந்தப் போர்வையை விரித்து, கூண்டின் தட்டை மேலே வைத்து அளவு பார்த்து, மண்டியிட்டு வெட்டினார். ஃப்ளீஸ் வெட்டினால் நூல் பிரியாது, ஓரம் அடிக்க வேண்டியதில்லை. வெட்டியது வெட்டியபடி நின்றது. மகள் பள்ளிக்கூடச் சீருடையில் வந்து எதிர் முனையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சமாவது வைத்துக்கொள்ளுங்கள் மச்சான் என்று நான் சொன்னேன். அரைப் போர்வையை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கூண்டின் விரிப்பு ஒரு நிலைக்கு வந்தது. அடியில் மாமனாரின் ரப்பர் ஷீட்டிலிருந்து வெட்டிய துண்டு. அதன்மேல் தேங்காய்ப்பூத் துண்டு இரட்டையாக. மூத்திரம் அதிகம் விழுகிற மூலைகளில் மட்டும் மடித்த பழைய கைலி கூடுதலாக ஒன்று. மேலே காப்பி நிற ஃப்ளீஸ், ஓரங்களைத் துண்டுக்கு அடியில் செருகி. முதல்நாள் சாயங்காலம் நான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக, உலர்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. வாடைகூட மட்டுப்பட்டது. காலில் பொருக்கு உதிர்ந்து ரோஸ் நிறத் தோல் வர அதிக நாள் பிடித்தது. ஆனால் வந்தது.

அவருக்குத்தான் தூக்கம் போனது. பரணிலிருந்து மயில் போர்வையை எடுத்துப் பார்த்தார், மூச்சு முட்டுகிறதென்று தள்ளிவிட்டார். என் பருத்திப் புடவையைக் கொடுத்தேன், வெளிச்சம் உள்ளே வருகிறது என்றார். சில நாள் சாய்வு நாற்காலியிலேயே கிடந்தார். பிறகு எப்படியோ பழகிக்கொண்டார். எப்போது பழகினார் என்று நான் கவனிக்கவில்லை.

துவைக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். இதைக் கேட்டு எனக்கு ஓய்வு கிடைத்தது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பிழுக்கையை உதறாமல் அப்படியே வாளியில் போடுவார். சோப்பை அள்ளிப் போடுவார். சோப்பு தங்கினால் தண்ணீர் இறங்காது என்று நான் சொல்ல, குவைத்தில் எல்லாம் மெஷினே பார்த்துக்கொள்ளும் என்பார். கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற நல்ல தண்ணீர் ஒரு குடம் வேண்டும் என்றால், இதற்கா என்பார். துவைப்பதைவிட அவர் துவைப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது பெரிய வேலையாக இருந்தது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரு வாளிக்கு எதிரெதிரே உட்கார்ந்து ஒரு துணியை முறுக்குவது எங்கள் கல்யாண வாழ்க்கையில் புதிது. அவர் வலப்பக்கம் முறுக்குவார், நான் இடப்பக்கம் முறுக்குவேன், துணி முறுக்கேறாமல் சுற்றும்.

ஐப்பசி மழை பிடித்தபோது எல்லாம் மறுபடியும் குலைந்தது. கடலோரத்தில் மழைக்காலத்தில் எதுவுமே காயாது. சுவர் வேர்க்கும், உப்பு ஜாடியில் உப்பு கசியும். ஃப்ளீஸ் சீக்கிரம் காய்ந்துவிடும், அதில் சிக்கலில்லை. அடியில் போடுகிற துண்டும் கைலியும்தான் நாள் கணக்கில் கொடியிலேயே தொங்கி ஊசல் வாடை அடிக்கும். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, குனிந்து குனிந்து நடந்தோம். இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தோம். கரண்ட் போனால் அதுவும் இல்லை. பழசாகிப்போன கைலிகளையெல்லாம் கிழித்து மாற்றுக்கு அடுக்கிக்கொண்டே வந்தேன். அவர் கட்டியிருக்கிற கைலியையும் நான் ஒரு கண் பார்ப்பதாக மகளிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்த மழையில் கறுப்புக் கினி செத்துப்போனது. காலில் புண் எதுவும் இல்லை, மூச்சுத்தான் இழுத்தது. காலையில் நான் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தால் இரண்டும் சேர்ந்து கத்தும். அன்றைக்கு ஒரு குரல்தான் கேட்டது. மகள் டியூஷனிலிருந்து வருவதற்குள் புதைத்துவிடலாம் என்று நான் நினைத்தேன். அவர் வேண்டாம், அவள் வரட்டும் என்றார். வந்தாள். கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் அவரே குழி தோண்டினார், தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. ஈரத்தில் போட வேண்டாம் வாப்பா என்று அவள் அழுதாள். அவர் மேட்டுப் பக்கமாக வேறு இடம் பார்த்துத் தோண்டினார். பக்கத்து வீட்டு லாத்தா மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

அவர் ஊரில் வேலை தேடாமல் இல்லை. தர்கா தெருவில் ஒரு கடையில் கொஞ்ச நாள் உட்கார்ந்தார். கல்லாவில் சும்மா உட்காரும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை, கிடைத்ததும் போதவில்லை. மூத்த மருமகன் ஷார்ஜாவில் ஒரு கோடவுனில் பேசி விசா எடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி ஓய்ந்த பேச்சு அது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே பேச்சுத்தான். கிளம்புகிற அன்று அவர் கூண்டின் முன்னால் உட்கார்ந்து பழுப்புக் கினியின் காலைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு ஏர்போர்ட்டுக்கு வேன் வந்தது.

இப்போது அவர் கூப்பிடும்போது குரல் தெளிவாகக் கேட்கிறது. அங்கே தனி அறை இல்லை, வராந்தாவில் நின்று பேசுகிறாராம். முன்பெல்லாம் போன் அடித்தால் மகள் ஒரு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டுவாள். இப்போது போன் அவளிடமே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நடந்தது, கினி எவ்வளவு தின்றது, நான் எதற்குத் திட்டினேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவர் என்ன கேட்கிறாரோ, சிரிக்கிறாள்.

நேற்றும் அப்படித்தான். துவைத்த துண்டுகளை வாளியோடு தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். துண்டின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. படியில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டேன். கீழே அவள் போனில் அவரிடம் பேசிச் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. இடுப்பில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஒரு முனையைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு நானே முறுக்கிப் பிழிந்து, ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டேன்.